வெண்டெல் நீமிக்குப் பொருந்திய பிராசசர்

வெண்டெல் நீமி எதையும் சட்டென்று முடிவு செய்கிற ஆள். இஷ்பெமிங் ஊரில் இதைப் பற்றி இரண்டு கருத்து கிடையாது. கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்தின் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறான். அந்த லாரிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. ஏரிப் பக்கமிருந்து புயல் கிளம்பி, கண்ணாடிக்கு முன்னால் வெள்ளை வேட்டி காயப்போட்டதுபோல் ஒன்றுமே தெரியாமல் போகும்போது, ரோடு எது, பள்ளம் எது என்று அரை நொடியில் தீர்மானிப்பான். கார்லாவை ஒரு வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் பார்த்தவன், தட்டு காலியாவதற்குள் கல்யாணத்தைப் பேசி முடித்தான். வீடு வாங்கியபோது மாடி ஏறிப் பார்க்கவே இல்லை. மாடிக் கூரை ஒழுகுகிறது என்பதைக் குடிபோன பிறகு கார்லாதான் கண்டுபிடித்தாள்.

இப்படிப்பட்டவன் தன் கம்ப்யூட்டருக்கு ஒரு பிராசசர் தேர்ந்தெடுக்க மூன்று குளிர்காலம் எடுத்துக்கொண்டான்.

அவனுக்கு ஒரே ஒரு பொழுதுபோக்கு. நாள் முழுக்க லாரி ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுவான்.

"ஏண்டா, பகல் பூரா ஓட்டுறது போதாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது வேற, இது வேற. இதுல நான் அரிசோனாவுல ஓட்டுறேன். பொட்டுப் பனி கிடையாது. தபால் பெட்டிய இடிச்சுட்டேன்னு எவனும் ஆபீசுக்கு போன் பண்ண மாட்டான்."

அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஒரு பிப்ரவரியில் இழுத்துக்கொண்டது. முதலில் காட்சிகள் தாமதமாக வந்தன. லாரி பாலத்தில் ஏறிய பிறகுதான் பாலம் வந்து சேரும். பிறகு உள்ளேயிருக்கும் விசிறி சோளம் அரைப்பதுபோல் கத்தியது. கடைசியில் கருகிய வாடை வந்து, அடங்கிவிட்டது.

கார்லாவின் தம்பி கேரி டெர்வோ சுலபமான வழி சொன்னான். "கடையில ரெடியா விக்கிறான் மச்சான். போய் ஒண்ணத் தூக்கிட்டு வா."

வெண்டெல் அவனை மேலும் கீழும் பார்த்தான். "பெட்ரோல் பங்க்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள காஞ்சு கெடக்குற பாஸ்டிய வாங்கித் தின்னுறவன்தான் கம்ப்யூட்டரையும் ரெடியா வாங்குவான்."

மாவுக்குள் இறைச்சியும் கிழங்கும் வைத்து வீட்டுக்கு வீடு பாஸ்டி சுடுகிற எங்கள் ஊரில் இதைவிடக் கேவலமாக ஒருவனைத் திட்ட முடியாது. கேரி மத்தியானம் அதைத்தான் தின்றிருந்தான்.

வெண்டெல் தானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுவது என்று முடிவாயிற்று. முதலில் வந்தது பெட்டி. ஒரு பக்கம் கண்ணாடி, உள்ளே நிறம் மாறும் விளக்குகள். அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தான். திரையில் படம் வரைகிற கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று தள்ளுபடியில் கிடைத்தது. அதையும் மேஜையில் வைத்தான். பவர் சப்ளை வந்தது. டிஸ்க் வந்தது. மேஜையில் ஒரே ஒரு தட்டு வைக்க மட்டும் இடம் மிஞ்சியபோது, "இனி பிராசசர் மட்டும்தான் பாக்கி" என்றான். கார்லா அதை நம்பினாள்.

சிக்கல் என்னவென்றால், பிராசசர் என்பது தனியாக வருகிற சம்பந்தம் இல்லை. அது உட்காருகிற இடத்துக்குச் சாக்கெட் என்று பெயர். சாக்கெட் இருப்பது எல்லாப் பாகங்களையும் இணைக்கிற மதர்போர்டில். பிராசசர் தயாரிப்பவை இரண்டு கம்பெனிகள். எங்கள் லாரிக் கொட்டகையில் அவற்றின் பெயரைச் சொன்னால் சண்டை வரும் என்பதால், ஸ்டிக்கரின் நிறத்தை வைத்து சிவப்பு, நீலம் என்றுதான் சொல்லுவோம். சிவப்பு பிராசசர் நீலச் சாக்கெட்டில் உட்காராது. ஒரே கம்பெனிக்குள்ளும் அண்ணனுக்குச் செய்த நாற்காலியில் தம்பி உட்கார மாட்டான். நாற்காலி மாறினால் மெமரியும் மாறலாம். ஆக, பிராசசரை முடிவு செய்யாமல் மிச்சம் எதையும் வாங்க முடியாது.

வெண்டெல் இணையத்தில் ஒரு மன்றத்தில் சேர்ந்து பணிவாக ஒரு கேள்வி கேட்டான். என்னிடம் இன்ன கார்டு இருக்கிறது, லாரி விளையாட்டு மட்டும்தான் விளையாடுவேன், கொடுத்த காசுக்கு உருப்படியாக எந்த பிராசசர் வாங்கலாம்?

பதில்கள் வந்து குவிந்தன. முதல் ஆள் சிவப்பு என்றான். இரண்டாவது ஆள், முதல் ஆள் சிவப்புக்காரனிடம் கூலி வாங்குகிறான் என்றான். மூன்றாவது ஆள், லாரி விளையாட்டை விளையாட்டென்று சொல்வதே தவறு என்றான். நான்காவது ஆள், இப்போது வாங்காதே, இலையுதிர் காலத்தில் புதுசு வருகிறது, அதுவரை பொறு என்றான். அந்த நான்காவது ஆள்தான் வெண்டெலின் மூன்று வருடத்தைத் தின்றவன். இலையுதிர் காலத்தில் புதுசு வந்தது. உடனே பழசின் விலை நவம்பர் கடைசியில் நன்றி நாள் பண்டிகை சமயத்தில் இறங்கும் என்றார்கள். இறங்கியது. அதற்குள் அடுத்த ஜனவரியில் அறிவிப்பு வரப்போகிறது என்றார்கள்.

இதைவிட மோசம், இன்னும் கொஞ்சம் போடச் சொல்கிறவர்கள். நீ பார்த்து வைத்திருப்பதற்கு மேல் இன்னும் கொஞ்சம் போட்டால், பிராசசருக்குள் வேலை செய்யும் கோர் இரண்டு அதிகம் வரும். அதற்கு மேல் கொஞ்சம் போட்டால் கேஷ் என்கிற உள்நினைவகம் பெரிதாக வரும். அந்தக் கேஷுக்கு இந்த போர்டு போதாது, அதிலும் கொஞ்சம் போடு. ஒருநாள் மத்தியானம் அவன் அந்த ஏணியில் ஏறிக்கொண்டே போய், ஓடுகிற நிலையில் உள்ள ஒரு பிக்கப் வண்டியின் விலையில் போய் நின்றான். என்னிடம் காட்டினான்.

"இதுக்கு நாலு சக்கரம் வெச்சுக் குடுப்பானா?" என்றேன்.

"பதினாறு கோர் குடுக்கிறான்."

"உனக்கு எத்தனை வேணும்?"

வெண்டெல் நேர்மையானவன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "லாரி ஆட்டத்துக்கு ரெண்டு மூணு நல்லா உழைச்சாப் போதும். மத்ததெல்லாம் நம்ம கவுண்டி ஆளுங்க மாதிரி. ஒருத்தன் தோண்டுவான், மீதிப்பேர் மண்வெட்டியில சாஞ்சு நின்னு வேடிக்கை பாப்பாங்க."

"அப்ப சின்னதா ஒண்ணு வாங்கித் தொலையேண்டா."

"வாங்கலாம். ஆனா கார்டு வேகமா ஓடி, பிராசசர் பின்தங்கிட்டா? கார்டு சும்மா நின்னு காத்துக்கிட்டு இருக்கும்டா. பாவம்."

கார்டு அப்போதே ஒன்றரை வருடமாக அட்டைப் பெட்டிக்குள் சும்மாதான் காத்துக்கொண்டிருந்தது. அதன் உறையைக்கூட அவன் பிரிக்கவில்லை. பிரிக்காமலேயே அதன் உத்தரவாதக் காலம் முடிந்துபோனது.

இரண்டாவது குளிர்காலத்தில் ஒருமுறை கரை சேரப் பார்த்தான். நீலச் சாக்கெட் வைத்த மதர்போர்டு ஒன்றை வாங்கியே விட்டான். அது வந்து சேர்ந்த அன்றே, அந்தச் சாக்கெட்டுக்கு இனி புது பிராசசர் வராது, அதற்கு எதிர்காலம் இல்லை என்று எவனோ எழுதியதைப் படித்தான். பன்னிரண்டு வருடமாக ஒரே பூட்ஸைப் போட்டுக்கொண்டு திரிகிறவன், எதிர்காலத்தை நினைத்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. போர்டைக் கேரியின் தலையில் கட்டினான். கேரி அதற்கேற்ற பிராசசரை வெண்டெலிடமே கேட்டு வாங்கிப் பூட்டிக்கொண்டு, அன்று முதல் தினமும் விளையாடினான்.

"எதிர்காலம் எப்படி இருக்கு மச்சான்?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பான்.

இதில் வேடிக்கை, வெண்டெலிடம் யோசனை கேட்டது கேரி மட்டும் இல்லை. ஊரே கேட்டது. இந்த விஷயத்தில் இவ்வளவு படித்தவன் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. கம்ப்யூட்டர் பூட்ட நினைக்கிறவர்கள் எல்லாரும் எங்கள் கொட்டகைக்கு வந்து வெண்டெலைத் தேடினார்கள். மற்றவர்களுக்கு என்றால் அவனுக்குத் தயக்கமே கிடையாது. டீசல் போட்டுக்கொண்டே சொல்லுவான். "பையன் என்ன விளையாடுவான்? டிவி எத்தனை பெருசு? சரி, போன வருஷத்து சிவப்புல நடு மாடல். இந்த போர்டு. மெமரி ரெண்டு துண்டு, நாலு வேண்டாம். போ." கேட்டவர்கள் போய் வாங்கினார்கள். எல்லாருக்கும் நன்றாக ஓடியது.

எங்கள் லூத்தரன் தேவாலயத்தின் பாஸ்டர் லின்னியா ஹால்பெர்குக்கும் அவன்தான் பூட்டிக் கொடுத்தான். பாஸ்டரம்மா சனிக்கிழமை பிரசங்கத்தை எழுதி முடித்துவிட்டு, பிசாசுகளைச் சுடுகிற ஒரு விளையாட்டை ஆடுவார். தொழிலோடு தொடர்பானதுதானே என்று நாங்கள் யாரும் எதுவும் சொல்வதில்லை.

மூன்றாவது நன்றி நாள் வந்தது. கார்லா பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்கிறவள். நூறு பிள்ளைகளுக்குத் தட்டு வைத்துப் பழகியவளுக்குத் தன் வீட்டில் ஆறு பேருக்குத் தட்டு வைக்க இடமில்லை. வான்கோழியைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் வைத்தாள்.

வெண்டெல் பதறி எழுந்தான். "கார்லா, அது மேலதான் காத்து வெளிய போகணும்."

"எந்தக் காத்து? உள்ள என்ன இருக்கு, காத்து வர?"

"ஜனவரில—"

"எந்த ஜனவரி?"

கேரி தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தான். கார்லா அவனையும் ஒரு பார்வை பார்த்தாள். அதன் பிறகு எல்லாரும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, யாருக்கும் வலிக்காத விஷயங்களாகப் பார்த்துப் பேசினோம். மான் வேட்டை, முழங்கால் வலி, அந்த மாதிரி.

அடுத்த வாரம் கார்லா பாஸ்டரம்மாவைப் போய்ப் பார்த்தாள். என்ன பேசினார்கள் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அதற்கடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் காபி ஊற்றும்போது நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பாஸ்டரம்மா கோப்பையோடு வந்தார். "வெண்டெல், எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார். வீட்டுலயே கம்ப்யூட்டர் பூட்டணுமாம். ஒரு யோசனை சொல்லுப்பா."

"என்ன விளையாடுவாரு பாஸ்டரம்மா?"

"லாரி ஓட்டுற விளையாட்டு."

"நல்ல மனுஷன்," என்றான் வெண்டெல். "கார்டு என்ன?"

வெண்டெல் வீட்டு மேஜையில் கிடந்த கார்டின் பெயரையே பாஸ்டரம்மா சொன்னார்.

"அட, என்கிட்ட இருக்குறதுதான். நல்ல கார்டு. காசு ரொம்ப போடுவாரா?"

"போட மாட்டார். அவர் வீட்டம்மாவுக்கும் இனிமே பொறுமை இல்ல."

வெண்டெல் காபியில் சர்க்கரை போட்டுக் கலக்கினான். கலக்கி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. சிவப்பில் போன தலைமுறை, ஆறு கோர் மாடல். இன்ன போர்டு. கூடவே வருகிற விசிறியே போதும். "இதுக்கு மேல ஒரு காசு போட்டாலும் தண்டம்னு சொல்லிடுங்க. அப்புறம் ஒரு விஷயம். அந்த போர்டு பழைய சரக்கா இருந்தா, இந்த பிராசசர அதுக்கு அடையாளம் தெரியாது. கடைக்காரனையே போர்ட அப்டேட் பண்ணி அனுப்பச் சொல்லணும்."

"சரிப்பா. அவர் ஏன் இன்னும் வாங்காம இருக்கார்னுதான் எனக்குப் புரியல."

"சில பேருக்கு முடிவெடுக்கத் தெரியாது பாஸ்டரம்மா," என்றான் வெண்டெல்.

பாஸ்டரம்மா கோப்பையை வாயில் வைத்துக்கொண்டு வேகமாக நகர்ந்தார். பிறகு பலநாள் அவர் வாதாடினார், தான் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை என்று. அது உண்மைதான்.

டிசம்பரில் வெண்டெலுக்குப் பிறந்தநாள். கேரியும் நானும் போயிருந்தோம். கேக் வெட்டியதும் கார்லா ஒரு பொட்டலத்தை நீட்டினாள். பிரித்தான். உள்ளே பிராசசர், போர்டு, மெமரி. முகத்தில் முதலில் ஒரு வெளிச்சம் வந்தது. அட்டையின் பக்கவாட்டில் இருந்ததைப் படித்ததும் அது மெல்ல வடிந்தது.

"கார்லா, இது போன தலைமுறை."

"ஆமா."

"ஆறு கோர்தான் இருக்கு."

"உனக்கு எத்தனை வேணும்?"

"அதுக்கில்ல. நல்ல மனசோடதான் வாங்கியிருக்க. ஆனா இதெல்லாம் தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம். ஜனவரில புதுசு வருது. இப்பப் போய் எவனாவது இத வாங்குவானா? யார் சொன்னா இத வாங்கச் சொல்லி? கேரியா?"

"கேரி இல்ல."

"யாரா இருந்தாலும் அவனுக்கு ஒண்ணும் தெரியல. அரைகுறை. ஊருல இப்படித்தான் நாலு எழுத்து படிச்சுட்டு யோசனை சொல்லக் கிளம்பிடுறானுங்க."

கார்லா கேக் தட்டைக் கீழே வைத்தாள். "தேவாலயத்துல, கீழ்த்தளத்துல, காபி கலக்கிக்கிட்டே ஒரு ஆள் சொன்னான். இதுக்கு மேல ஒரு காசு போட்டாலும் தண்டம்னான். சில பேருக்கு முடிவெடுக்கத் தெரியாதுன்னும் சொன்னானாம்."

வெண்டெல் அட்டைப் பெட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் சுவரில் மாட்டியிருந்த மான் தலையைப் பார்த்தேன். கேரிக்கு இருமல் வந்தது. இருமிக்கொண்டே சமையலறைக்குப் போய்விட்டான், அங்கே போய் அவன் சிரித்தது எங்களுக்குக் கேட்டது.

வெண்டெல் அட்டையைத் திரும்ப மூடினான். "அந்த ஆளுக்கு முழு விவரம் சொல்லல."

"என்ன சொல்லல?"

அவனிடம் ஆத்திரம் இல்லை. மாட்டிக்கொண்டவனின் முகம்தான் இருந்தது, அதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்ததாக எனக்குப் பட்டது. போய்த் திருப்புளியை எடுத்து வந்தான்.

பூட்டுவதில் அவன் கை சுத்தம். பிராசசரை அதன் மூலையில் இருக்கும் முக்கோணக் குறி பார்த்துச் சாக்கெட்டில் வைத்தான். அமுக்கவே வேண்டியிருக்கவில்லை, தானாக இறங்கி உட்கார்ந்தது. விசிறியை மாட்டினான். மூன்று வருடத்துக் கார்டின் உறையைக் கிழித்தான். சுவிட்சைப் போட்டான். விளக்குகள் எரிந்தன. விசிறிகள் சுற்றின. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

வெண்டெல் நெற்றியைத் தேய்த்தான். "கார்லா, கடைக்காரன் போர்டை அப்டேட் பண்ணி அனுப்பினானா?"

"அப்படின்னா?"

"பாஸ்டரம்மா சொல்லலயா?"

பாஸ்டரம்மாவுக்கு போன் போட்டோம். "கடைசியா என்னமோ சொன்னப்பா. சிரிப்ப அடக்குறதுல அது காதுல விழல," என்றார்.

போர்டு பழைய சரக்கு. புது ஆளை அதற்கு அடையாளம் தெரியவில்லை. அது அறிந்த பழைய பிராசசர் ஒன்றை முதலில் உட்காரவைத்து, போர்டுக்குப் புதுப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு இதை உட்காரவைக்க வேண்டும். அதே சாக்கெட்டில் உட்காருகிற பழைய பிராசசர் ஊரில் யாரிடம் இருக்கிறது என்பது வெண்டெலுக்கு மனப்பாடம்.

"பாஸ்டரம்மா, உங்களுதக் கொஞ்சம் கழட்டிக்கவா?"

"எத?"

"பிராசசர. அரை மணி நேரந்தான்."

பாஸ்டரம்மா உடனே சரி சொல்லவில்லை. "கழட்டினா நான் இதுவரைக்கும் ஜெயிச்சதெல்லாம் அழிஞ்சுருமா?"

"அதெல்லாம் டிஸ்க்ல இருக்கும். ஒண்ணும் ஆகாது."

"பதினோராவது நரகத்துல இருக்கேன் வெண்டெல். பாத்துக்கோ."

வெண்டெலே தன் வண்டியில் போய், பாஸ்டரம்மா வீட்டு அலுவல் அறையில், பைபிள்களுக்கு நடுவில் மண்டியிட்டு அதைக் கழற்றினான். முட்டை அட்டையின் ஒரு குழியில் பஞ்சு வைத்து, அதில் அதை வைத்துக்கொண்டு வந்தான். பாஸ்டரம்மா முன் இருக்கையில் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு கூடவே வந்துவிட்டார். தன் பிராசசரைத் தனியாக அனுப்ப அவருக்கு மனசில்லை. இரவல் பிராசசரை உட்காரவைத்தான். திரையில் எழுத்து வந்தது. போர்டு பாடத்தை மெதுவாகப் படித்தது. அதுவரை நாங்கள் ஐந்து பேரும் மின்சாரம் போகக்கூடாதே என்று விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. போகவில்லை. பழையதைக் கழற்றி, புதியதை வைத்தான். இந்த முறை போர்டு அதைத் தெரிந்துகொண்டது.

லாரி விளையாட்டு திறந்தது. அரிசோனா விரிந்தது. லாரி ஏறுவதற்கு முன்பே பாலம் வந்தது. வெண்டெல் உடனே செய்த காரியம், ஒரு நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று காட்டுகிற எண்ணைத் திரையின் மூலையில் வரவைத்தது. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். எடை போடும் நிலையத்தின் சுவரில் போய் மோதினான்.

"ரோட்டப் பாருடா," என்றேன்.

"திருப்பத்துல எட்டு இறங்குது. பாத்தியா? எட்டு."

கார்லா குனிந்து அந்த எண்ணை அணைத்தாள். "நல்லா ஓடுதா?"

"நம்பரப் பாக்காம எப்படிச் சொல்றது?"

"கண்ணால பாத்து."

பார்த்தான். "ஓடுது," என்றான், கொஞ்சம் வருத்தத்தோடு.

ஜனவரியில் புதிய பிராசசர் அறிவிப்பு வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் அவன் அதைப் படிக்கும்போது கொட்டகையில் எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தோம். படித்து முடித்தான். "நூத்துக்குப் பத்து வேகம் கூட. வேற சாக்கெட்," என்றான். அன்றைக்கு அவ்வளவுதான் சொன்னான். பிறகு இரண்டு நாள், எல்லாரிடமும் அதைப் பற்றி மட்டுமே பேசினான். மூன்றாம் நாள் பெரிய பனி வந்தது, பேச நேரமில்லை.

இப்போது பனி உருகி, ரோட்டுக் குழிகளை அடைக்கிற காலம். வெண்டெல் பொழுதோடு வீட்டுக்குப் போகிறான், ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி காலியாக இருப்பதில்லை. ஒருநாள் சும்மா ஓட்டிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்த கார்லா எழுந்திருக்கவில்லை. விளையாட்டுக்குள்ளேயே சொந்தமாகச் சரக்குக் கம்பெனி வைத்துவிட்டாளாம். ஓட்டுநர்களை வேலைக்கு எடுத்திருக்கிறாளாம்.

"நேத்துப் போய், கொஞ்சம் எந்திரி, நானும் ஓட்டுறேன்னு கேட்டேன்," என்றான் என்னிடம். "ஆல்புகர்க்கில சரக்க இறக்கிட்டு வரேன், அடுப்புல பாஸ்டி இருக்கு, எடுத்துத் தின்னுன்னுட்டா."

"தின்னியா?"

"தின்னேன். பின்னாடி நின்னு பாத்துக்கிட்டே தின்னேன். திருப்பத்துல கொஞ்சம் வேகமாப் போறா. மத்தபடி நல்லா ஓட்டுறா."